கரண்ட் வைக்கிற அறை

பலகையில் ‘இயன் மருத்துவம்’ என்று எழுதியிருக்கும். அதை வாசித்துவிட்டு உள்ளே வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. திருகோணமலைச் சனத்துக்கு அது கரண்ட் வைக்கிற அறை. நான் கரண்ட் வைக்கிற தம்பி. தலை நரைத்த பிறகு கரண்ட் வைக்கிற ஐயா.

வருகிறவர்கள் முதலில் தேடுவது மெஷினைத்தான். என்னிடம் இருந்தது ஒரு சின்னப் பெட்டி. நாலு வயர், நாலு கறுப்பு ரப்பர் பட்டை, பட்டைக்குப் பூச ஜெல். நாரியில், அதாவது கீழ்முதுகில், ஒட்டித் திருகினால் எறும்பு ஊர்வது போல இருக்கும். பதினைந்து நிமிசத்துக்கு நோ குறையும். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் திரும்பவும் வந்துவிடும். இது எனக்குத் தெரியும். ஆனால் கரண்ட் வைக்காமல் நான் சொல்கிற ஒரு சொல்லும் அவர்கள் காதில் ஏறாது. ஆகவே பட்டையை ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கதை கேட்பேன். என் தொழில் நடந்தது அந்த முக்காலியில்.

பெட்டியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதற்குப் பின்னால் பெரிய யோசனை ஒன்று இருக்கிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். முள்ளந்தண்டுக்குள் ஒரு படலை இருக்கிறது, நோவுச் செய்தி அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும், தொடுகை, தேய்ப்பு போன்ற செய்திகள் முந்திக்கொண்டு வந்தால் படலை பாதி சாத்தப்படும் என்பது அவர்கள் வாதம். முழங்கையை நிலையில் இடித்துக்கொண்ட பிள்ளைக்கு அம்மம்மா தேய்த்துவிடுகிறாளே, அதேதான். அந்தத் தேய்ப்பைக் கொஞ்ச நேரம் வயரால் செய்வதுதான் என் பெட்டி. சுடுதண்ணி ஒத்தடமும், கோடாலித் தைலமும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொள்வதும் ஏறக்குறைய அந்தப் படலையடியில்தான் வேலை செய்கின்றன. கன்னியாவுக்குப் போகட்டுமா என்று கேட்கிறவர்களை நான் மறித்ததே இல்லை. போய்விட்டு வந்து படுக்காதேங்கோ என்று மட்டும் சொல்வேன்.

படிவத்தில் ஒரு கோடு இருக்கும். நோ எவ்வளவு, 0 முதல் 10 வரை. சல்லியில் இருந்து வந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். “பத்துக்கு எத்தனை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? இது என்ன சோதனையே?” என்றார். சரி, எப்படி நோகுது என்றேன். “உளையுது. விடியப்புறம் உளையும். எழும்பி நாலடி நடந்தால் விட்டிடும்.” எனக்கு வேண்டியது முழுக்க அந்த மூன்று வசனத்தில் இருந்தது. அதற்குப் பிறகு படிவத்தில் ஏதோ ஓர் இலக்கத்தை நானே போட்டுக்கொள்வேன்.

மெல்சாக் 1975இல் நோவைச் சொல்லும் 78 ஆங்கிலச் சொற்களைத் திரட்டி ஒரு வினாக்கொத்துச் செய்தார். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். எங்கள் கரையில் ஒருவர் அப்படித் திரட்டியிருந்தால் கொப்பி நிறைந்திருக்கும். நோ, உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, குடைச்சல், பிடிப்பு, விறைப்பு, இழுவை. ஒவ்வொன்றும் எனக்கு ஒரு திசை காட்டும். உளைவு என்றால் தசை, மூட்டு. எரிவு, அல்லது பிட்டத்தில் இருந்து காலுக்குச் சுண்டி இழுக்கிறது என்றால் நரம்பு. தோள் குடையுது, சட்டை போட ஏலாது என்றால் சீனி வருத்தம் இருக்கா என்று கேட்பேன். சீனிக்காரருக்குத் தோள்மூட்டு இறுகுவது சாதாரணம்.

விறைப்பு என்று சொன்னால் மட்டும் முக்காலியை இன்னும் கிட்ட இழுத்துக்கொள்வேன். எங்கே விறைக்குது? சைக்கிள் சீற்றில் படுகிற இடத்திலா? சலம் போவது தெரியாமல் இருக்கா? ரெண்டு காலும் வலுக் குறைஞ்சு போச்சுதா? ஓம் என்றால் அங்கே கரண்டும் இல்லை, கதையும் இல்லை. கடிதம் எழுதி அன்றைக்கே சத்திரசிகிச்சை டொக்டரிடம் அனுப்ப வேண்டும். நரம்புக் கற்றை நெரிபடுகிறது என்று அர்த்தம், மணித்தியாலக் கணக்கில் ஓட வேண்டிய விசயம். காய்ச்சலோடு வருகிற நாரி நோ, உடம்பு மெலிந்துகொண்டே போகிறவரின் நோ, விழுந்தெழும்பிய வயோதிபரின் நோ, இவையும் என் கையில் நிற்கக் கூடாதவை. அப்படி வந்தவர்கள் இத்தனை வருசத்தில் விரலில் எண்ணக்கூடியவர்கள்தான். மற்ற எல்லாருடைய நாரியும் பயப்பட வேண்டாத நாரி. அந்த வித்தியாசத்தை நான் படித்துத் தேறிய விதம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2003இல் கிண்ணியாவில் இருந்து ஒரு காக்கா வந்தார். அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்கிற படகில் ஏறி இக்கரை வந்து பஸ் பிடிக்க வேண்டும். நாற்பது வயது, நாட்டாமை வேலை. (தமிழ்நாட்டில் நாட்டாமை ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்வார். எங்கள் நாட்டில் அவர் மூட்டை சுமப்பார்.) லொறிக்குச் சீமெந்து ஏற்றும்போது நாரி பிடித்துவிட்டது. காலில் உணர்ச்சி சரி, பலம் சரி, சலம் சரி. இன்றைக்கு வந்திருந்தால், “பயப்பட ஒண்டுமில்ல காக்கா, அநேகமா நாலைந்து கிழமையில் அடங்கிடும், நடந்து திரியுங்கோ” என்று அனுப்பியிருப்பேன்.

அன்றைக்கு எனக்கு வயது இருபத்தாறு. கொழும்பில் படித்துவிட்டு வந்த சூடு. மேசையில் இருந்த பிளாஸ்டிக் முள்ளந்தண்டை எடுத்து, முள்ளென்புகளுக்கு இடையில் சிவப்புத் தட்டு பிதுங்கி நிற்பதைக் காட்டினேன். “இது ஒருக்கால் வெளியில வந்தால் கால் வழங்காது. இனிக் குனியாதேங்கோ. பாரம் தூக்காதேங்கோ. ரெண்டு கிழமை பலகையில படுங்கோ.” காக்கா மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார்.

எங்கே இருந்து வந்தது அந்தப் புத்தி? எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. சுவீடன்காரர் அல்ப் நாஹெம்சன் 1960களில் ஆட்களின் இடைத்தட்டுக்குள்ளேயே ஊசி ஏற்றி அழுத்தம் அளந்தவர். நிற்பதைவிட இருக்கும்போது கூட, முன்னால் குனிந்து இருந்தால் இன்னும் கூட என்று அவர் கண்டார். அளவு சரிதான். அழுத்தம் கூடினால் ஆபத்து என்பது அந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் கூட்டிக்கொண்டது. கடலில் இறங்கினால் நனைவோம், அதற்காக எல்லாரும் தாழ்வதில்லை. படுக்கை விசயத்திலும் அப்படித்தான். நாரி நோவுக்கு ஏழு நாள் படுத்தவர்களுக்கு இரண்டு நாள் படுத்தவர்களைவிட ஒரு நன்மையும் இல்லை என்று ரிச்சர்ட் டேயோ என்ற அமெரிக்க மருத்துவரும் கூட்டாளிகளும் காட்டியது 1986இல். பதினேழு வருசம் கழித்து நான் இரண்டு கிழமை எழுதிக் கொடுத்தேன். அதுவும் பலகையில். காக்காவைப் பலகையில் படுக்கவைத்த அதே 2003இல், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தைதான் நாள்பட்ட நாரி நோவுக்கு நல்லது என்று ஸ்பெயினில் 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு ‘லான்செற்’றில் வந்தது. எனக்கு அது எட்டப் பல வருசம் பிடித்தது.

காக்கா 2014இல் திரும்ப வந்தார். பாலம் 2009இலேயே திறந்துவிட்டது; மகனின் ஓட்டோவில் வந்து வாசலில் இறங்கினார். நாரிக்கு இல்லை, முழங்காலுக்கு. செருப்பைக் கழற்றி ஓரமாக வையுங்கோ என்றேன். தலையில் நிறைகுடம் வைத்தவர் மாதிரி, முதுகை அடிமட்டம் போல வைத்துக்கொண்டு, முழங்காலை மடித்துக் கீழே இறங்கிச் செருப்பை எடுத்தார்.

“ஏன் காக்கா குனியாமல் எடுக்கிறீங்கள்?”

“நீங்கதானே சொன்னீங்க, தம்பி.”

பதினொரு வருசம். நாட்டாமை வேலையை விட்டுத் தேத்தண்ணிக் கடை போட்டிருந்தார். பள்ளியில் கடைசி வரிசையில் கதிரையில் இருந்து தொழுதார். நாரியில் நோ இருந்ததா என்று கேட்டேன். அந்த முதல் மாதத்துக்குப் பிறகு நோ இல்லையாம். பயந்தான். முழங்கால் போனதும் அதனால்தான். குனிய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் பதினொரு வருசமாக முழங்காலை மடித்திருக்கிறார். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “கடைசிப் பொடியன நான் தூக்கினதே இல்ல.” அந்தப் பொடியன் அப்போது பத்தாம் வயதில் வெளியே ஓட்டோவுக்குள் இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அவரைத் திரும்பக் குனிய வைக்க மூன்று கிழமை எடுத்தது. முதல் நாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கை முழங்கால் மட்டும் போனது. பிறகு கணைக்கால். பிறகு தரையில் கிடந்த துவாய். பிறகு அதே துவாயில் இரண்டு கிலோ சீனிப் பை. ஒவ்வொரு நாளும் போன நாளைவிடக் கொஞ்சம், அவ்வளவுதான் வித்தை. கடைசியில் பாயை விரித்தேன். கிப்லாப் பக்கம் பார்த்து அவரே திருப்பிப் போட்டார். முழங்கால் குத்தி, கையூன்றி, நெற்றியைக் கொண்டுபோகும்போது பாதியில் நின்று என்னைப் பார்த்தார்.

“உடையாதா?”

“உடையாது காக்கா.”

நெற்றி பாயில் பட்டது. கனநேரம் எழும்பவில்லை. நான் வெளியே போய் நின்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பிளாஸ்டிக் முள்ளந்தண்டை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ஆனால் ஸ்கேன் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஷொப்பிங் பைக்குள் சுருட்டி வைத்து, கொழும்பில் எடுத்ததாம் என்று பெருமையும் பயமுமாக நீட்டுவார்கள். “டிஸ்க் விலகிட்டுதாம், ஐயா.” அது விலகுகிற சாமான் இல்லை, முள்ளென்போடு இறுகப் பிணைந்தது, பிதுங்கலாம், காயலாம். 2015இல் நாரி நோவே இல்லாத 3,110 பேரின் படங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. இருபது வயதுக்காரரில் 37 சதவீதமானவர்களுக்குத் தட்டுத் தேய்வு. எண்பது வயதில் 96 சதவீதம். ஒருவருக்கும் நோ கிடையாது. ‘உங்களுக்குத் தலை நரைச்சிருக்கு, நோகுதோ?’ என்று கேட்பேன். சிரிப்பார்கள். சிலர் படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அதுதான் சம்பளம்.

இதற்காக, பாரம் ஒன்றும் செய்யாது என்று சொல்ல நான் வரவில்லை. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967இல் ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் 1991இல் போட்ட சூத்திரமோ, எல்லாம் வசதியாக இருந்தாலும் 23 கிலோவில்தான் தொடங்குகிறது. பாரம் நிலத்தில் இருந்தால், தூரத்தில் இருந்தால், திரும்பித் தூக்கினால் அதிலிருந்தும் கழிக்க வேண்டும். சீமெந்துப் பை 50 கிலோ. அந்தக் கணக்கில் இரண்டு ஆளுக்கும் கூட. ஒரு சீமெந்துக் களஞ்சியத்தில் நின்று பார்த்தேன். தலையிலும் பிடரியிலும் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் தூக்கிவிட, ஒருவர் சுமந்து ஓடுகிறார். சுமக்கிறவருக்கு நாரி பிடிப்பது குறைவு. நிலத்தில் இருந்து கிளப்பித் திரும்பிக் கொடுக்கிற இரண்டு பேருக்குத்தான். கடைசி இரண்டு வரிசைப் பையை நிலத்தில் அடுக்காமல் பலகைத் தட்டில் வையுங்கள் என்றேன். வைத்தார்கள். பிறகு அந்தப் பலகையை யாரோ விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நோ உடம்பில் மட்டும் இருக்கிற சாமான் இல்லை என்று எனக்கு முதலில் காட்டியவர் மிதிவெடியில் வலக்கால் போன ஒரு பொடியன். இல்லாத பெருவிரல் இரவில் முறுகி நோகும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடி வைத்து இப்படிப்பட்டவர்களுக்குச் செய்த வைத்தியத்தைப் படித்திருந்தேன். கடையில் ஒரு நீளக் கண்ணாடி வாங்கி, இரண்டு தொடைக்கும் நடுவில் நிறுத்தி, இடக்காலின் விம்பத்தைப் பார்த்துக்கொண்டே விரலை விரிக்கச் சொன்னேன். ஆறேழு நாளில் முறுகல் தளர்ந்தது. எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. அடுத்து வந்தவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

கிளிவெட்டி முகாமில் இருந்து வந்த அக்கா ஒருவருக்கு வேறு விதம். 2006இல் யுத்தத்தில் சம்பூரை விட்டு ஓடியவர். கழுத்தும் தோளும். “தோளில ஆரோ ஏறி இருக்கிற மாதிரி” என்றார். தோளைப் பார்த்தேன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் நாலு விரல்கூட இல்லை. தோளைக் கீழே விடுங்கோ என்றேன். “விட்டுத்தான் இருக்கு” என்றார். உண்மையாகவே அவருக்கு அது விட்ட தோள்தான். அத்தனை வருசமாக ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கிற தோள். பதற்றம் வந்தால் இருதயம் ஓடும், மூச்சு மேல்நெஞ்சில் நிற்கும், மூச்சை இழுக்கக் கழுத்துத் தசைகள் கூலிக்கு வரும். நாள் முழுக்க இழுத்தால் உளையாமல் என்ன செய்யும்?

மூச்சுப் பயிற்சி என்று சொன்னால், சாமியார் வேலை என்று நினைப்பார். “அடுப்பூதுற குழல் இருக்கெல்லோ? அதைப் பிடிச்சிருக்கிற மாதிரி ஊதுங்கோ. நெருப்புப் பிடிக்க வேணும், சாம்பல் பறக்கக் கூடாது” என்றேன். சிரித்துவிட்டு ஊதினார். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு நீளமாக! இழுக்கும்போது நாலு எண்ணு, ஊதும்போது ஆறு எண்ணு என்பதை இதைவிட நன்றாக நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மூச்சை வெளியே விடும்போது இருதயத் துடிப்பு தணிகிறது; நீளமாக விட்டால் நீளமாகத் தணிகிறது. தோள் தானாக ஓர் அங்குலம் இறங்கியது.

2015க்குப் பிறகு ஊருக்குத் திரும்பினார். போனதும் நோ போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. வளவு காடாகக் கிடந்தது, வெட்டித் துப்புரவாக்கியதில் நாரியும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. ஆனால் இரவில் நித்திரை வருகுது என்றார். நித்திரை கெட்டவருக்கு அதே நோ கூடுதலாக நோகும் என்பது என் தொழிலில் நன்றாக நிரூபிக்கப்பட்ட விசயங்களில் ஒன்று. அதனால் நான் கழுத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் நித்திரையைப் பற்றிக் கேட்கிறேன்.

நிமிர்ந்து இரு, கூனாதே என்று பள்ளிக்கூடத்தில் தொடங்குகிற புத்திமதியை நான் விட்டு நாளாகிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் ஓட்டோக்காரர்கள் இரண்டு நாள், மூன்று நாள் கிடந்தார்கள். சீனக்குடாவில் உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கிற ஊரில்! பின்சீற்றில் இறால் மாதிரிச் சுருண்டு படுத்துவிட்டு வந்தவர்களிடம் நிமிர்ந்து இருங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வருமா? என் கணக்கு இதுதான்: எந்த இருப்பும் அரை மணித்தியாலத்துக்கு நல்லது, அதற்கு மேல் எந்த இருப்பும் கூடாது. இறங்குங்கோ, முன்னால் நிற்கிறவனோடு கதையுங்கோ, இரண்டு கையையும் நாரியில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து வானத்தைப் பாருங்கோ. வரிசை அசையும்போது ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு உள்ளேயே கிடந்தவர்களைவிட நோ குறைவாக இருந்ததைப் பார்த்தேன்.

கரைவலைக்காரர்களிடம் நான் போனது படிப்பிக்க. உப்புவெளிப் பக்கச் சம்மாட்டியார் ஒருவர், தன் ஆட்கள் பருவம் தொடங்கினால் ஒவ்வொருவராக நாரி பிடித்துப் படுக்கிறார்கள் என்று கூப்பிட்டிருந்தார். பாரம் தூக்கும் முறை வரைந்த படம் ஒன்றை பிளாஸ்டிக் ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். வாடியில் மாட்டினார்கள். பிறகு ஒருநாள் பார்த்தால் அதன் பின்பக்கத்தில் ஆட்களின் முற்பணக் கணக்கு இருந்தது.

விடியப்புறம் தோணி வலையை வளைத்து விட்டுவிட்டுக் கரைக்கு வரும். இரண்டு பக்கமும் கயிறு. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பட்டி, அதில் இருந்து ஒரு சின்னக் கயிறு; அதைப் பெரிய கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே பின்னால் சாய்ந்து, குதிக்காலை மணலில் புதைத்துப் பின்னடி வைக்கிறார்கள். மேட்டுக்கு வந்த கடைசி ஆள் கொளுவலைக் கழற்றிக்கொண்டு தண்ணீர்க் கரைக்கு ஓடிப்போய் முதல் ஆளாகிறான். என் படத்தில் இருந்த ஒரு விதியும் அங்கே செல்லாது. ஐம்பத்தைந்து வயதுக்காரர் வளைந்த முதுகோடு மூன்று மணித்தியாலம் இழுத்தார், அவருக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் படுக்கிறவர் யார்? கேட்டு எழுதிப் பார்த்தேன். வாடை மாதங்களில் கடல் கொந்தளிக்க, வேலையில்லாமல் வீட்டில் இருந்துவிட்டு முதல் இரண்டு கிழமையில் முழு இழுவை இழுத்தவர்கள். இழுத்த விதத்தில் பிழையில்லை. சும்மா இருந்த நாளுக்கும் இழுக்கிற நாளுக்கும் நடுவில் படிக்கட்டு இல்லை.

முதல் பத்து நாளும் சும்மா இருந்துவிட்டு வருகிறவர்கள் பாதி நேரம் இழுக்கட்டும் என்றேன் சம்மாட்டியாரிடம். “பாதி இழுத்தால் பாதிப் பங்குதான், சேர். வீட்டில அரிசி பாதியா வேகுமோ?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பருவம் தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பே ஆட்களை வரச் சொல்லி, தோணி தள்ளவும் வலை காவவும் விடுவது என்று ஒருவாறு முடிவாகியது. நாரி பிடித்துப் படுக்கிறவர்கள் குறைந்தார்கள் என்று அவர் சொன்னார்; நான் எண்ணவில்லை.

இழுவையைப் பார்க்கப் போன அன்றைக்கு ஒரு மதியீனம் செய்தேன். பட்டியை வாங்கி நானும் கட்டிக்கொண்டேன். அரை மணித்தியாலம். வலையின் மடி கரைக்கு வந்தபோது எனக்கும் ஒரு பங்கு சூடை மீன் தந்தார்கள்.

அடுத்த நாள் காலை சப்பாத்து நூல் கட்டக் குனிய முடியவில்லை. மனைவி தைலப் போத்தலோடு வந்து, இன்றைக்குப் படுங்கோ என்றாள். ஆயிரம் பேருக்குச் சொன்ன புத்தியை அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டு, ஒரு பக்கம் கோணிக்கொண்டு நடக்கப் போனேன். கோட்டை வாசலைத் தாண்டி, மரநிழலில் படுத்திருந்த மான்களைத் தாண்டி, கோணேசர் கோயில் ஏற்றம். ஒவ்வொரு அடிக்கும் பிடித்தது. மேலே போகப் போகக் கொஞ்சம் இளகியது. கோயிலடியில் செருப்பைக் கையால் கழற்ற முடியாமல், ஒற்றைக் காலால் மற்றக் காலை மிதித்துக்கொண்டு நின்றேன். அருச்சனைத் தட்டு விற்கிற அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின வருசம் நாரிக்கு என்னிடம் வந்து போனவர்.

“என்ன சேர், நாரியோ?”

“ஓம் அக்கா.”

“கரண்ட் வைச்சுப் பாருங்கோவன்.”